மெருகு ஏற ஏற மறையும் முகம்

அண்மைக் காலமாக மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் என்னை வந்தடையும் மரண அறிவித்தல்களில் ஓர் ஒற்றுமையைக் காண்கிறேன். எண்பது வயதில் மறைந்தவரின் நெற்றியில் ஒரு கோடு கூட இல்லை. கன்னம் பீங்கான் கோப்பையைப் போல வழுவழுக்கிறது. கறுத்த மேனியர் மாநிறமாகிவிட்டார், மாநிறத்தவர் வெள்ளையராகிவிட்டார். வாழ்நாளெல்லாம் வேட்டியும் சால்வையுமாகத் திரிந்த கமக்காரர், கோட்டும் ரையும் அணிந்து நீலவானத்தின் முன்னால் நிற்கிறார். பெயரையும் ஊரையும் வாசித்த பின்னரே ஆளை அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

இவற்றுட் பெரும்பாலானவை ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் அல்ல. பிறந்தநாள் வீட்டிலோ, கோயில் வீதியிலோ, முற்றத்துக் கதிரையிலோ இருந்தவரை மகனோ பேத்தியோ கைத்தொலைபேசியில் எடுத்தவை. எடுத்த கணத்தில் அப்படத்தில் அந்த மனிதர் இருந்தார். அதன் பின்னர் 'அழகுபடுத்த' முனைந்தவர்களே அவரைத் தொலைத்துவிட்டார்கள்.

படத்தைத் திருத்தவே கூடாது என்பது என் வாதமன்று. பத்திரிகை அலுவலகத்தில் காலங்கழித்த எவரும் அப்படிச் சொல்லார். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், புளொக் செய்யக் கொடுக்குமுன் ஓவியர் தூரிகையால் வெள்ளை மை தொட்டுத் தலையின் விளிம்பைப் பிரித்துக் காட்டுவார். இல்லாவிடில் கரிய கூந்தலும் இருண்ட சுவரும் மலிவான கடதாசியில் ஒன்றாகிவிடும். ஆனால், மூக்கிலும் வாயிலும் அவர் கைவைக்கமாட்டார். அச்சின் குறையைத் திருத்துவதே அவர் தொழில். முகத்தின் 'குறை' அவருக்குரிய விடயமன்று.

இன்றைக்கும் இந்த ஒரு விதி போதும் என்பேன். கமெராவின் குறையையும் வெளிச்சத்தின் குறையையும் திருத்துங்கள், முகத்தை விட்டுவிடுங்கள்.

குண்டு பல்பின் ஒளியில் எடுத்த படம் மஞ்சளடித்திருந்தால் நிறச் சமநிலையைச் சரிசெய்யலாம். யன்னலுக்கு முன்னால் நின்றவரின் முகம் இருண்டிருந்தால் நிழலைச் சற்று உயர்த்தலாம். ஆனால், தாடையின் கீழும் மூக்கின் ஓரத்திலும் உள்ள நிழல் அழியுமுன் நிறுத்த வேண்டும். முகத்துக்குத் திரட்சி தருவது அந்நிழலே. ஓரத்தில் துருத்தி நிற்கும் பிளாஸ்ரிக் கதிரையையும் யாரோ ஒருவரின் தோளையும் வெட்டிவிடலாம். ஒரு வாரத்தில் ஆறிவிடும் பருவை நீக்கலாம். வாழ்நாளெல்லாம் இருந்த மச்சத்தையும் தழும்பையும் நீக்கலாகாது. மின்னொளி பட்டுக் கடுமையாகத் தெரியும் சுருக்கத்தைச் சிறிது தணிக்கலாம், துடைத்தெறியக் கூடாது. மூக்குப் பெரிதாகத் தெரிந்தால் அது மிகக் கிட்ட நின்று எடுத்ததன் விளைவு. இரண்டு மீற்றர் தள்ளி நின்று மீண்டும் எடுப்பதே அதற்கு மருந்து, மூக்கை ஒடுக்குவதன்று.

மிகை என்பது ஒரே அடியில் வருவதில்லை. கண்ணின் வெண்மையைக் கொஞ்சம், உதட்டின் சிவப்பைக் கொஞ்சம், தோலின் மென்மையைக் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போகையில், திரையைப் பார்த்துப் பழகிய கண் ஒவ்வொரு படியையும் இயல்பென்று ஏற்றுக்கொள்கிறது. எனவே, செய்த திருத்தத்தைத் தனி அடுக்கில் வைத்து, அதன் வீச்சைப் பாதிக்கோ மூன்றில் ஒரு பங்குக்கோ குறைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். மறுநாட் காலையில் மூலப்படத்தோடு ஒப்பிடுங்கள். அந்த முகத்தை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். "படம் நல்ல வடிவாய் இருக்கு" என்றால் நீங்கள் தோற்றீர்கள். "அண்ணை அப்பிடியே இருக்கிறார்" என்றால் வேலை முடிந்தது.

"அக்காலத்து ஸ்டூடியோக்காரரும் திருத்தினார்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. திருத்தினார்கள். நெகட்டிவில் கூரிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டார்கள். அங்கும் மிகை நேர்ந்ததுண்டு. எனினும் ஒரு கன்னத்துக்கு அரைமணி நேரம் செலவிட்டவருக்கு எங்கே நிறுத்துவதென்று யோசிக்க அவகாசம் இருந்தது. போட்டோஷொப் 1990இல் வெளிவந்தது. தழும்பை மறைக்கும் தூரிகை 2002இல் அதனோடு சேர்ந்தது. இன்றோ செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய படத்தில் இல்லாத இமைமயிரையும் பல்லையும் தாமாகவே வரைந்து தருகின்றன. அது மீட்பு அன்று. வேறு எத்தனையோ முகங்களைக் கற்றுச் செய்யும் ஊகம். ஊகத்தைச் சட்டமிட்டு மாலை போடுகிறோம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1994 ஜூனில் ஓ.ஜே.சிம்சன் கைதானபோது, பொலிசார் எடுத்த ஒரே படத்தை 'ரைம்', 'நியூஸ்வீக்' ஆகிய இரு சஞ்சிகைகளும் அட்டையில் வெளியிட்டன. 'ரைம்' அதனைக் கருமையாக்கியிருந்தது. விளக்கம் தீர்க்கப்படுமுன் நிறத்தாலேயே தீர்ப்பெழுதியதாகக் கண்டனம் எழுந்தது. அவ்வாறாயின், நம்மவர் முகத்தை வெளுப்பாக்கும்போது நாம் எழுதுவதும் தீர்ப்பே. கறுப்பு ஒரு குற்றம், இறந்த பின்னராவது அதிலிருந்து விடுதலை தருகிறோம் என்பதே அதன் பொருள். 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்ற பெயரையே அதன் உரிமையாளர்கள் 2020இல் மாற்றிவிட்டார்கள். நாம் மட்டும் அப்பாவின் முகத்தில் அதைப் பூசிக்கொண்டிருக்கிறோம்.

இதை அற்ப விடயமென்று தள்ளிவிட நம் சமூகத்துக்கு இயலாது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் எத்தனை பேர் அல்பங்களைக் காவிச் சென்றார்கள்? 2004 டிசெம்பரில் கடல் கொண்டு போனவை எத்தனை? 2009இல் வன்னியில் மண்ணோடு மண்ணாகியவை எத்தனை? பல குடும்பங்களில் எஞ்சியிருப்பது யாரோ ஓர் உறவினர் வெளிநாட்டில் வைத்திருந்த ஒற்றைப் படம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருந்த படங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே படம் அலங்காரமன்று, சாட்சியம். காணாமற்போனவரைப் பற்றி முறைப்பாடு எழுதுபவர் முதலிற் கேட்பதில் ஒன்று, உடலில் என்ன அடையாளம் உண்டு என்பது. புருவத்தின் மேலுள்ள தழும்பைத் துடைத்துவிட்ட படத்தை அந்தத் தாய் யாரிடம் காட்டுவாள்?

புலம்பெயர்ந்த தேசங்களிலுள்ள பிள்ளைகளிடம் என் வேண்டுகோள் இதுதான். வட்ஸ்அப்பில் வந்து தரம் குறைந்த பிரதியை அல்லாமல், எடுத்தவரிடமுள்ள மூலக்கோப்பைக் கேட்டு வாங்கிப் பெயர், ஊர், ஆண்டு குறித்துச் சேமியுங்கள். திருத்துவதைப் பிரதியிற் செய்யுங்கள். கல்வெட்டு அச்சிடக் கொடுக்கும்போது, ஒளியையும் ஓரத்தையும் மட்டும் சீர்செய்த படத்தைக் கொடுத்து, முகத்தில் கைவைக்க வேண்டாமென்று அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள். அம்மம்மாவைக் காணாத பூட்டப்பிள்ளை, அவருடைய சுருக்கங்களோடு அவரை அறிந்துகொள்ளட்டும்.