எண்ணூர்த் தண்ணியில் நனையாத சென்சார்

'நானோ' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், எந்தக் கல்லூரி செமினாரிலும் கைதட்டல் நிச்சயம். அதிலும் 'மாசைக் கண்டுபிடிக்கும் கார்பன் நானோகுழாய் சென்சார்' என்றால் கேட்கவே வேண்டாம். கடைசி ஸ்லைடில் ஒரு புகைபோக்கி படம், அதன் கீழே 'எதிர்காலப் பயன்பாடு'. முடிந்தது கதை. திருவொற்றியூர்க்காரருக்கு அந்தப் புகைபோக்கி எதிர்காலம் இல்லை சாமி, மொட்டை மாடிக்குப் போனால் தெரிவது!

குழாய் பொய்யில்லை. கார்பன் அணுக்களாலான ஒற்றை அடுக்கைப் பாய் மாதிரி சுருட்டியது, விட்டம் ஒரு நானோமீட்டர் அளவு. நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டால் அதன் மின்கடத்தல் ஏறும், அம்மோனியா பட்டால் இறங்கும் என்று 2000ல் ஸ்டான்ஃபோர்டில் காட்டினார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் என்று 2002ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். குழாய் மேல் ஏதாவது வந்து ஒட்டினால் அந்த ஒளி மங்கும், கூடும், அல்லது நிறம் நகரும். ஒளி சென்சாரின் அடிப்படை இவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், வெறும் குழாய்க்கு ஆள் அடையாளம் தெரியாது. எண்ணூர்க் காற்றில் அனல்மின் நிலையமும் கன்டெய்னர் லாரியும் விடும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டு. அம்மோனியாவும் வரலாம். ஒன்று ஏற்ற, இன்னொன்று இறக்க, மின்கடத்தலை அளக்கும் கருவி 'எல்லாரும் நலம்' என்று சொன்னாலும் சொல்லும்.

அதனால்தான் குழாயின் மேற்பரப்பில் வேலை செய்கிறார்கள். இரண்டு வழி. ஒன்று, மூலக்கூறை வேதிப்பிணைப்பால் நேராக ஒட்டுவது. உறுதியாக நிற்கும். ஆனால் அளவு மீறினால் கார்பன் பின்னல் கெட்டு ஒளியே அணைந்துவிடும். இன்னொன்று, டி.என்.ஏ. இழையையோ பாலிமரையோ குழாய் மேல் சுற்றிவிடுவது. பின்னல் பத்திரம். எந்த இழை, எப்படிச் சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து, எது வந்தால் ஒளி மாறும் என்பது அமையும். ஆக, ஆளை அடையாளம் காண்பது குழாய் இல்லை, அது போட்டிருக்கும் சட்டை.

சட்டை தைக்க அளவு எடுக்க வேண்டாமா? எடுக்கிறார்கள், ஆய்வகத்தின் சுத்தமான கரைசலில். எண்ணூர் முகத்துவாரம் அப்படியா இருக்கிறது? கடலும் கொசஸ்தலையாறும் கலக்கும் இடம், ஓதத்துக்கு ஓதம் உப்பு மாறும். அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. உப்போ அமிலத்தன்மையோ மாறினாலே பல சட்டைகளின் ஒளி மாறும். சாம்பல் கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெய்ப் படலம் மேலே மூடும். அங்கே காட்டாத கிராஃபை வைத்துக்கொண்டு 'எண்ணூருக்குத் தீர்வு' என்று தலைப்பு வைப்பது, தணிக்கை செய்யாத கணக்கைக் காட்டி லாபம் அறிவிப்பது மாதிரி.

'கருவியா பிரச்சினை? நடவடிக்கைதானே இல்லை' என்று ஒரு கட்சி கேட்கும். பாதி நியாயம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, மூக்குதான் சென்சார். மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசல் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. அம்மோனியாவுக்கு மூக்கு போதும், சரி. ஆனால் தண்ணீரில் கரைந்த ஆர்செனிக்குக்கு வாசனை கிடையாதே! அதை மூக்கு எப்படிச் சொல்லும்?

அங்கேதான் இந்தக் குழாய் தேவை. முடியாத காரியமும் இல்லை. எம்.ஐ.டி.யோடு இணைந்த சிங்கப்பூர்க் குழு, நெல், கீரைச் செடிகளின் இலையில் இந்தச் சென்சாரை ஏற்றி, வேர் உறிஞ்சும் ஆர்செனிக்கைக் காட்டியதாக 2021ல் அறிவித்தது. உப்புக் குழப்பத்துக்கும் வழி உண்டு. மாசுக்கு அசையாத இன்னொரு குழாயைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிடலாம்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். எண்ணூர் பேரைச் சொல்லும் எந்த ஆய்வும் முதலில் காட்டுக்குப்பம் மீனவரிடம் எதை அளக்கணும் என்று கேட்கட்டும். ஏற்றத்திலும் வற்றத்திலும் முகத்துவாரத் தண்ணியை மொண்டு வந்து அதில் சட்டையைச் சோதிக்கட்டும். தோற்றால் தோற்றதையும் வெளியிடட்டும்.

2017ல் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளி. 2023ல் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தபோதும் வாளி. வாளியோடு நின்றவர்களுக்கு ஸ்லைடு வேண்டாம். அவர்கள் தண்ணியில் நனைந்தும் உண்மை பேசும் கருவி வேண்டும்.