கண்ணுக்குப் பிடிபடாத மங்கல்

கோலார் தங்கவயலின் வடகோடியில் உள்ள பாலகாட்டில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. தங்கம் பிரித்த பிறகு கொட்டப்பட்ட சயனைடு மேடுகள் அந்தப் பக்கமெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. ஆனால் இந்த வயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் வேலை நேரம் கழிந்தது வெயில் எட்டாத இடத்தில். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மட்டும் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, கூண்டில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் தலையில் மாட்டிய விளக்குதான் பகல்.

அந்த விளக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுத்தது? 'நன்றாக எரிகிறது' என்ற பதில் போதாது. காரணம், வெளிச்சத்தை அளப்பதில் மனிதக் கண் படுமோசமான கருவி.

மின்கல விளக்கையே எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி இடுப்பில், பல்பு தலைக்கவசத்தில், நடுவில் ஒரு கேபிள். ஷிப்ட் முடிந்ததும் விளக்கு அறையில் சார்ஜில் போடுவார்கள். மணிக்கணக்கில் எரிய எரிய பேட்டரியின் அழுத்தம் மெல்ல இறங்கும். இழை பல்பில் அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறைவதில்லை. ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது. அதாவது களைப்பு மிகுந்த கடைசி மணிநேரத்தில் வெளிச்சமும் மிகக் குறைவு. இது மெல்ல நடப்பதால் கண் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. விளக்கு மங்கியது தொழிலாளிக்குத் தெரிவதில்லை. தலைக்கு மேலுள்ள பாறையில் விழுந்திருக்கும் மெல்லிய விரிசலும் தெரிவதில்லை.

கோலாரின் பாறை வேறு கருப்பு. தங்கம் இருந்தது வெளிறிய குவார்ட்ஸ் படிவத்தில். அதைச் சூழ்ந்திருப்பதோ கரும்பச்சை ஹார்ன்பிளெண்ட் பாறை. அதன்மீது விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் திரும்பி வராது. வெள்ளையடித்த வீட்டுச் சுவரில் பளிச்சென்று தெரியும் அதே விளக்கு அங்கே அரைகுறை.

இத்தனைக்கும் மின்சாரத்தில் தங்கவயல்தான் முன்னோடி. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்து 1902-ல் இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு அது கிடைக்க மேலும் 3 ஆண்டுகள் ஆயின. கம்பி வந்தது இயந்திரங்களை ஓட்டுவதற்காக. பாறை முகத்தில் நிற்பவனின் கண்ணுக்காக அல்ல.

வெளிச்சக் குறைவுக்கு விலை உண்டு என்பதை பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் காட்டின. பாதுகாப்பு விளக்கின் மங்கலில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்குக் கண்மணி நில்லாமல் துடிக்கும் 'நிஸ்டாக்மஸ்' நோய் வந்தது. திறந்த சுடரில் வேலை செய்தவர்களிடம் அது குறைவு. பாதுகாப்பு விளக்கு தந்ததோ பெரும்பாலும் ஒரு மெழுகுவர்த்திக்கும் குறைவான ஒளி. அளந்து பார்த்த பிறகுதான் பழி விளக்கின்மேல் விழுந்தது.

ஆரம்பத்தில் அளவுகோலே மெழுகுவர்த்திதான். 19-ம் நூற்றாண்டில் புன்சன் செய்த கருவி எளிமையானது: எண்ணெய்ப் பொட்டு வைத்த ஒரு காகிதம். ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் சோதிக்கும் விளக்கு. காகிதத்தை நகர்த்தினால் ஓரிடத்தில் பொட்டு கண்ணுக்கு மறையும். அங்கே இருபக்க வெளிச்சமும் சமம். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசி என்ற விதியை வைத்து மிச்சத்தைக் கணக்குப் போடலாம். இந்தக் கருவியின் கெட்டிக்காரத்தனம், கண்ணால் முடியாததை அதனிடம் கேட்காததுதான். 'எவ்வளவு' என்று கண்ணுக்குச் சொல்லத் தெரியாது. 'இரண்டும் சமமா' என்று சொல்லத் தெரியும்.

இன்றைய ஆய்வகத்தில் அந்த இடத்தில் ஒரு கோளம் இருக்கிறது. ஜெர்மனியின் உல்பிரிக்ட் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்தது. ஆள் நுழையும் அளவுக்குப் பெரியவையும் உண்டு. உட்புறம் முழுக்க பேரியம் சல்பேட் போன்ற வெண்பூச்சு. நடுவில் விளக்கை எரியவிட்டால், எந்தத் திசையில் கிளம்பிய ஒளியும் சுவரில் பட்டுப் பட்டுச் சிதறி எங்கும் ஒரே சீராகப் பரவிவிடும். விளக்கு நேராக அடிக்காதபடி சிறு தடுப்பு வைத்து, சுவரிலுள்ள உணர்கருவி ஓரிடத்தில் அளந்தாலே மொத்த ஒளியும் லூமென் கணக்கில் கிடைக்கும். ஒப்பிடுவதற்கு, ஒளி அளவு தெரிந்த தர விளக்கு ஒன்று வேண்டும்; இந்தியாவில் ஒளி அளவைக்கான மூலத் தரத்தைப் பராமரிப்பது டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். தர விளக்கும் எரிய எரியத் தேயும் என்பதால் அதைக் கஞ்சத்தனமாகத்தான் எரிக்கிறார்கள்.

சுரங்க விளக்குக்கு இதுமட்டும் போதாது. அது ஒரே திசையில் அடிக்கும் விளக்கு. மொத்த லூமென் ஒன்றாக இருக்கும் இரண்டு விளக்குகளில் ஒன்று நடுவில் மட்டும் சுட்டெரிக்கலாம். மற்றது பாதையையும் காட்டலாம். எனவே விளக்கைச் சுழற்றிக் கோணம் கோணமாக அளக்கும் கோனியோபோட்டோமீட்டர் தேவை. கடைசியில் வேலை நடக்கும் இடத்திலேயே லக்ஸ் மீட்டரைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு பல்பு வாங்குபவர்களும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். கடையில் கேட்பது 'எத்தனை வாட்?' வாட் என்பது செலவு, வரவு அல்ல. 60 வாட் குண்டு பல்பு தந்த சுமார் 700 லூமென் ஒளியை 7 முதல் 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. எல்.இ.டி. பெரும்பாலும் பட்டென்று அணையாது, மங்கிக்கொண்டே போகும். ஆரம்ப ஒளியில் 70 சதவீதமாகக் குறைவதை அதன் ஆயுள் முடிவாக வைத்துக் கணக்கிடுவது தொழிலில் வழக்கம். அது 70-க்கு வந்துவிட்டதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

கோளமும் லக்ஸ் மீட்டரும்கூட இருட்டில் தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு. அவை பகல் கண்ணுக்கு ஏற்பத் திருத்தப்பட்டவை. பச்சை கலந்த மஞ்சளுக்கு, 555 நானோமீட்டருக்கு, அதிக மதிப்பு தரும். இருளில் பழகிய கண்ணோ நீலப்பச்சைப் பக்கம், சுமார் 507-க்கு, நகர்ந்துவிடுகிறது. சுரங்கத்தின் அரையிருட்டு இரண்டுக்கும் நடுவில். அங்கே, மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டும் மஞ்சள் விளக்கும் வெள்ளை விளக்கும் கண்ணுக்கு ஒன்றல்ல. இந்த நடுநிலைக்கான கணக்கு முறையை சர்வதேச ஒளியியல் ஆணையம் வெளியிட்டது 2010-ல். தங்கவயலின் கடைசி ஷிப்ட் மேலே ஏறி வந்து அப்போது 9 ஆண்டுகள் ஆகியிருந்தன.