கடலிற் கற்கப்போகும் கண்டிப் பிள்ளைகள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில், பல்கலைக்கழக அனுமதி கிட்டாத மாணவர்களை நோக்கி வரும் விளம்பரங்களுள் கப்பற்றுறைக் கற்கைகளுக்கான விளம்பரங்களும் தவறாது இடம்பெறுகின்றன. வெள்ளைச் சீருடை, டொலரில் சம்பளம், உலகைச் சுற்றும் வாய்ப்பு என்பன அவற்றின் கவர்ச்சிகள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், எப்பாடுபட்டேனும் பிள்ளையை வெளிநாட்டு வருமானத்துக்கு உரியவனாக்கிவிட வேண்டும் என்று எண்ணும் கண்டிப் பெற்றோருக்கு இவை ஒரு வழியாகத் தென்படுவதில் வியப்பில்லை. அந்த வழி உண்மையானதே. ஆயினும், கப்பலிற் கற்பது எவ்வாறானது, அக்கல்வி எங்கே தொடங்கி எங்கே தடைப்படுகிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

கண்டிக்கும் கடலுக்கும் இடையிலான தூரம் வெறும் மைல் கணக்கன்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்ததோடு, மலையக இராச்சியம் தனது துறைமுகங்களை முற்றாக இழந்தது. அதன்பின் கடல் என்பது இங்குள்ளோருக்கு வேறு யாருக்கோ உரியதாகவே இருந்துவந்துள்ளது. (1944இல் கடற்படைத் தளபதியான மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றியபோது கடலே மலையேறி வந்தது எனலாம், அதுவும் போர் முடிந்ததும் போய்விட்டது.) நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் கப்பல் ஒன்றை அண்மையிற் கண்டிராத இளைஞர்கள் இன்றும் தோட்டப் பகுதிகளில் இருக்கின்றனர்.

கப்பலைக் கல்லூரியாக்கும் எண்ணம் புதியதன்று. 1926ஆம் ஆண்டு செப்டெம்பரில் 'ரின்டாம்' என்னும் கப்பல் ஏறத்தாழ 500 அமெரிக்க மாணவர்களுடன் நியூயோர்க்கின் அயலிலிருந்து புறப்பட்டு, கொழும்பு உட்படப் பல துறைமுகங்களைத் தொட்டு, 1927 மே மாதத்தில் நாடு திரும்பியது. அதன் வழிவந்ததாகக் கருதப்படும் 'செமஸ்டர் அட் சீ' திட்டம் 2016 முதல் கொலராடோ அரச பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடந்துவருகிறது. அவை வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் கல்விப் பயணங்கள். நமது பிள்ளைகள் ஏறும் கப்பல் சரக்குக் கப்பல். அங்கே அவர்கள் பயணிகளல்லர். கெடெட் எனப்படும் பயிலுநர்கள்.

இதன் விதிகளை வகுப்பது, மாலுமிகளின் பயிற்சி மற்றும் தகைமைகள் தொடர்பான 1978ஆம் ஆண்டின் சர்வதேசச் சமவாயமாகும். 2010இல் மணிலாவில் அது விரிவாகத் திருத்தப்பட்டது. கப்பலைச் செலுத்தும் கண்காணிப்பு அதிகாரியாகத் தகுதிபெற விரும்பும் ஒருவர், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் அங்கமாகக் குறைந்தது 12 மாதங்கள் கடற்சேவை புரிந்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் கற்றவை யாவும் பயிற்சிப் பதிவேட்டில் அதிகாரிகளால் ஒப்பமிடப்பட வேண்டும். அத்தகைய திட்டமின்றி வருவோருக்கு 36 மாதங்கள். எனவே கரையில் வகுப்பறையிற் கற்பது பாதிக் கல்விகூட அன்று. மீதி கடலில்தான் இருக்கிறது.

அந்த மீதியின் தன்மையைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பொதுவாக நான்கு மணிநேரக் காவல், எட்டு மணிநேர இடைவெளி, மீண்டும் காவல் என்று நாள் சுழலும். நள்ளிரவு முதல் அதிகாலை நான்கு மணிவரை ஓட்டுமேடையில் இருளில் நின்று தொலைவில் தெரியும் விளக்குகளை இனங்காண வேண்டும். பகலில் மேல்தளத்தின் துருவைத் தட்டிப் பெயர்த்து வர்ணம் பூச வேண்டும். எஞ்சும் பொழுதில் கடல் வரைபடத்தையும் விண்மீன் கணிப்பையும் படித்து, பதிவேட்டை நிரப்பி, அதிகாரியின் ஓய்வுநேரம் பார்த்து ஒப்பம் கேட்க வேண்டும். 24 மணிநேரத்தில் குறைந்தது 10 மணிநேர ஓய்வு சட்டப்படியான உரிமை. துறைமுகத்தில் சரக்கு ஏறியிறங்கும் நாட்களில் அந்த உரிமையை வாய்திறந்து கேட்கும் துணிவு பத்தொன்பது வயதுப் பயிலுநருக்கு எளிதில் வருவதன்று. பேராதனையில் விரிவுரை முடிந்தால் மாணவன் விடுதிக்குச் செல்லலாம். கப்பலில் விடுதியும் விரிவுரை மண்டபமும் வேலைத்தளமும் ஒன்றே. பல நாட்டவர் இருபது இருபத்தைந்து பேர், மாதக்கணக்கில். வீட்டுத் தொடர்புக்கு இணைய வசதி அளிப்பதைக் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வலியுறுத்துகிறது. அது நடைமுறைக்கு வந்ததோ 2024 டிசெம்பரில்தான்.

உழைப்பு கடினம் என்பதற்காக எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. நமது கவலை வேறு. கரைக் கற்கையை விற்பது சுலபம். கப்பலில் ஓர் இடம் பெற்றுக்கொடுப்பது கடினம். அந்த இடத்தைத் தர வேண்டியவர்கள் கப்பல் உரிமையாளர்கள். நமது நாட்டிடமோ கப்பல்கள் சொற்பம். இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனம் 2016இல் 'சிலோன் பிரீஸ்', 'சிலோன் பிரின்சஸ்' என்னும் இரு பெருங்கப்பல்களைப் பெற்றுக்கொண்டது. ஒரு கப்பலில் ஒரே நேரத்தில் ஏறக்கூடிய பயிலுநர்கள் ஒரு சிலரே. ஆக, பெரும்பாலானோர் அந்நியக் கம்பனிகளின் தயவையே நாட வேண்டியுள்ளது. 2026ஆம் ஆண்டளவில் உலகிற்கு மேலதிகமாக 89,510 கப்பல் அதிகாரிகள் தேவைப்படுவர் என்று சர்வதேசக் கப்பற்றுறை அமைப்புகள் 2021இல் மதிப்பிட்டதை விளம்பரதாரர் எடுத்துக்காட்டலாம். தேவைப்படுவோர் தகைமை பெற்ற அதிகாரிகள். கடற்சேவை இல்லாத சான்றிதழ்தாரர்கள் அல்லர்.

கற்கைக் கட்டணம் செலுத்திய குடும்பம் இவ்விடத்திலேதான் சிக்கிக்கொள்கிறது. நகையை அடகுவைத்தோ காணியை ஈடுவைத்தோ செலுத்திய பணம் சான்றிதழாக வீடு வந்து சேர, மகன் கப்பலுக்காகக் காத்திருக்கிறான். இத்தருணத்தில் ஒருவர் வந்து, இன்ன தொகை தந்தால் இடம் எடுத்துத் தருவேன் என்றால் கேட்காதிருப்பது யார்? ஆனால் இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, வேலையமர்த்தலுக்கென மாலுமியிடம் கட்டணம் அறவிடுதல் கூடாது. கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் போன்றவற்றின் செலவே அவரைச் சாரும். கற்கைக் கட்டணமும் இடத்துக்கான கட்டணமும் ஒரே பற்றுச்சீட்டில் கலந்துவிட்டால் இந்தத் தடை வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். துறைமுகத்திலிருந்தும், கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகத்திலிருந்தும் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருக்கும் தமிழ்ப் பெற்றோர் யாரிடம் விசாரிப்பர்?

மொழியும் ஒரு தடையே. கப்பலின் மொழி ஆங்கிலம். கட்டளையைத் தவறாக விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதனாலேயே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கடற்தொடர்பாடலுக்கான நியமச் சொற்றொடர்களை அங்கீகரித்தது. உயர்தர வகுப்பில் கணிதம் கற்பிக்கவே ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலைகளிலிருந்து வருவோருக்கு இந்த ஆங்கிலத்தை யார் கற்பிப்பது? பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்: தகைமை பெற்ற மாலுமிகளுள் பெண்கள் 1.2 வீதத்தினரே என்று 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோரில் 'டாலி' கப்பல் பாலத்தில் மோதியபோது அதிலிருந்த 21 மாலுமிகளில் ஒருவர் இலங்கையர். மோதலுக்குப் பின்னரும் பல வாரங்கள் கப்பலை விட்டு இறங்க முடியாமல் அவர்கள் இருந்தனர். தூரத்துக் கடலில் நிகழும் இத்தகைய சம்பவங்களின்போது குடும்பத்துக்குத் தகவல் தருவது யார், சம்பளத்துக்குப் பொறுப்பு யார் என்பன ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை.

பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகம் இரண்டு காரியங்களைச் செய்தால் போதும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையங்கள், உரிமம் பெற்ற ஆட்சேர்ப்பு முகவர்கள் ஆகியோரின் பட்டியலை, ஒவ்வொரு நிலையத்திலும் கற்றவர்களுள் எத்தனை பேர் ஓராண்டுக்குள் கப்பலேறினர் என்ற எண்ணிக்கையுடன், கண்டி மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். கற்கைக்குப் பணம் பெறும் நிலையம் கடற்பயிற்சிக்கான இடத்துக்கும் எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும். இயலாதெனில் அதையும் பணம் வாங்குமுன் எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும். அடுத்த உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகுமுன் இவற்றைச் செய்துமுடிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படும் என்று நாம் கருதவில்லை.