கடன் வாங்காமலும் கழிக்கலாம்

கிராமப்புறங்களில் வீடுவீடாகச் சென்று நடத்தப்படும் ‘ஏசர்’ ஆய்வு, குழந்தைகளிடம் ஈரிலக்கக் கழித்தல் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறது. ‘கடன்’ வாங்கிக் கழிக்க வேண்டிய கணக்கு. நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பில் அதைச் செய்ய முடிந்தவர்கள் 2022இல் 25.9%, 2024இல் 33.7%. முன்னேற்றம்தான். ஆனாலும், மூவரில் இருவருக்கு அது இன்னும் கைகூடவில்லை.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் பல குழந்தைகள் 35 என்று எழுதுகிறார்கள். 2இல் 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. அக்குழந்தைக்கு 52 ஓர் எண்ணாகத் தெரியவில்லை. அருகருகே நிற்கும் இரண்டு இலக்கங்களாகவே தெரிகிறது. ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்ற பாடமும் அந்தப் பார்வையையே வலுப்படுத்துகிறது. (திருப்பித் தரப்படாத இதைக் கடன் என்பதே விந்தை.) உண்மையில் அங்கே நடப்பது, ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகச் சில்லறை மாற்றுவது மட்டுமே.

மளிகைக் கடையில் 364 ரூபாய்க்குப் பொருள் வாங்கி 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறோம். கடைக்காரர் 6 ரூபாயை வைத்து 370 என்கிறார். 30ஐ வைத்து 400 என்கிறார். 100ஐ வைத்து 500 என்று முடிக்கிறார். மீதி 136. கழித்தலைக் கூட்டலாகவே செய்துவிட்டார். 52 – 27 கணக்கிலும் இரு எண்களோடும் 3ஐக் கூட்டினால் 55 – 30 ஆகிவிடும், விடை 25. 298உடன் 467ஐக் கூட்ட, இரண்டை இடம் மாற்றி 300 + 465 என்று கொண்டால் போதும்.

சந்தைகளில் வேலை செய்யும் கொல்கத்தா, டெல்லிக் குழந்தைகள் 1,400க்கும் மேற்பட்டோரிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வியாபாரக் கணக்கை மனத்திலேயே போட்ட அக்குழந்தைகள், பாடநூல் வடிவக் கணக்கில் தடுமாறினர். கடைவேலை அறியாத பள்ளிக் குழந்தைகளோ சந்தைக் கணக்கில் திணறினர். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்ட வேண்டிய இடம் வகுப்பறைதான்.

தமிழ்க் குழந்தைக்கு மொழியும் துணைநிற்கிறது. ‘ஐம்பத்திரண்டு’ என்ற சொல்லிலேயே ஐம்பதும் இரண்டும் தெளிவாகக் கேட்கின்றன. இந்தியின் ‘பாவன்’ அப்படிப் பிரித்துக் காட்டுவதில்லை. தொண்ணூறும் தொள்ளாயிரமும்தான் சற்றுக் குழப்பும்.

நிறுத்தி எழுதிக் கணக்கிடும் முறையைக் கைவிடச் சொல்லவில்லை. ஐந்திலக்க எண்களுக்கு அதைவிடச் சிக்கனமான வழியில்லை. ஆனால் அது முதலில் வரக் கூடாது என்பதே என் வாதம். பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தமிழக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலைக் கையாள்கிறது. அடுத்து மாற வேண்டியது விடைத்தாள் திருத்தும் முறை. விடை சரியாக இருந்தும், இலக்கத்தின் மேல் கடன் வாங்கிய குறி இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று கல்வித் துறை வெளிப்படையாக அறிவுறுத்த வேண்டும். ‘எப்படிச் செய்தாய்?’ என்று அக்குழந்தையிடம் கேட்பதற்கான நேரத்தையும் ஆசிரியருக்கு ஒதுக்கித் தர வேண்டும்.