தொகுதி எல்லையும் தோட்ட மக்களும்

தேர்தல் வந்தால் தோட்டமெங்கும் கொடி பறக்கிறது. லயத்துக்கு லயம் கூட்டம் கூடுகிறது. தொகுதிக்கு எல்லை வகுக்கும் வேளையில் மட்டும் நம்மவர் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது கச்சேரியிலும் நில அளவைக் கந்தோரிலும் படம் விரித்துப் பார்ப்போர் வேலை என்று விட்டுவிடுகிறோம். இந்த அலட்சியத்துக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று.

கொட்டகலையின் கதையை எடுத்துக்கொள்வோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அது தனிப் பாராளுமன்றத் தொகுதி, கே. குமாரவேலு அதன் பிரதிநிதி. அருகே தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் எஸ். தொண்டமான். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்காளர் இடாப்பிலிருந்து நம்மவர் பெயர்களை அடித்தது. 1952இல் நம்மவர் ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை. 1960 மார்ச் தேர்தலுக்காக எல்லை வகுத்தவர்களோ கொட்டகலை, தலவாக்கலை என்னும் தொகுதிகளையே படத்திலிருந்து அகற்றிவிட்டனர்.

இதில் பலரும் கவனியாத கணக்கொன்று உண்டு. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என மாகாணங்களுக்குப் பகிர்ந்தனர். பேர் என்றால் வாக்காளர் அல்லர், குடியிருப்போர் அனைவரும். கொழுந்து பறித்த பெண்ணும் பிள்ளைக் காம்பராவில் அவள் விட்டுவந்த குழந்தையும் அக்கணக்கில் அடக்கம். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் தொகையை 975,000 என்றது. அதே அளவுகோலால் வகுத்தால் பதின்மூன்று ஆசனங்கள்! தலையை எண்ணியபோது நாம் இருந்தோம். வாக்கை எண்ணியபோது இல்லை. நம் தலைகளின் பேரால் மலைநாட்டுக்குக் கிடைத்த ஆசனங்களைப் பிறர் வாக்குகள் நிரப்பின. கண்டிய விவசாயியை நாம் குறை கூறவில்லை. தோட்டத்துக்கு நிலமிழந்தவன் அவன். கணக்கு வகுத்தோரையே குறை கூறுகிறோம்.

எல்லைக் கோடு கெடுக்கவும் வல்லது, கொடுக்கவும் வல்லது. 1976இல் நுவரெலியா–மஸ்கெலியாவை மூன்று அங்கத்தவர் தொகுதியாக்கினர். 1977 தேர்தலில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோரை அடுத்து மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார். 1947க்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கதவு திறந்தது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலையைத் தீர்த்தன. ஆயினும் பழைய கோடுகள் அப்படியே கிடக்கின்றன. நுவரெலியா–மஸ்கெலியாவில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர் உளர். கொத்மலை, ஹங்குராங்கெத்தை, வலப்பனை மூன்றையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகா. மாவட்டம் முழுவதும் ஒன்றாய் எண்ணப்படும்வரை இக்குறை வெளியே தெரியாது. தொகுதி முறை எவ்வடிவில் திரும்பினாலும் தெரியும்.

பாராளுமன்ற முறையை நமக்குக் காட்டிய இங்கிலாந்து இதனை எவ்வாறு செய்கிறது? 2023இல் முடிவுற்ற மீளாய்வில், ஒரு தொகுதியில் 69,724க்குக் குறையாமலும் 77,062க்கு மிகாமலும் வாக்காளர் இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரோடு ஒரே தொகுதியாயிருந்த வைட் தீவு என்னும் கோட்டத்தை விதிவிலக்களித்து இரண்டாக்கினர். 2024 தேர்தலில் அது இருவரை அனுப்பியது. இறுதி எல்லைக்கு முன் மும்முறை மக்கள் கருத்தைக் கேட்டனர். அங்கும் மனக்குறைகள் இல்லாமலில்லை. ஆனால் குறை சொல்ல நாளும் இடமும் முன்கூட்டி அறிவிக்கப்படுகின்றன.

இங்கே பிரதேச சபைகளின் வரலாறு என்ன? நுவரெலியா, அம்பகமுவை என்னும் இரு சபைகளும் தலைக்கு இரண்டு லட்சம் மக்களைத் தாங்கி நின்றன. சில ஆயிரம் பேர் வாழும் நெடுந்தீவுக்குத் தனிச் சபை உண்டு. கடல் சூழ்ந்த ஊருக்கு அது வேண்டியதே. மலை சூழ்ந்த ஊருக்கு மட்டும் ஏன் வேண்டாததாயிற்று? 2018 தேர்தலுக்கு முன்னரே அவ்விரண்டும் ஆறாயின: நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவை, நோர்வூட், மஸ்கெலியா. 1960இல் மறைந்த கொட்டகலையின் பெயர் இவ்வாறு சபைப் பலகையில் மீண்டது. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் அவ்வாண்டே திருத்தப்பட்டது. கேட்டுப் பெற்றவை இவை. தாமாக வந்தவை அல்ல.

மாகாண சபையின் நிலை வேறு. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பாதி உறுப்பினரைத் தொகுதிவாரியாகத் தெரிய வகை செய்தது. முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் குழு அமைந்தது, அறிக்கையும் வந்தது. 2018 ஆகஸ்டில் அதற்கு எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை! சட்டம் செய்த சபையே அதன் பயனைத் தள்ளியது. 2013இல் தெரிவான மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஏழாண்டுகள் கடந்தும் புதிய சபை தெரிவாகவில்லை.

மீண்டும் ஒரு குழு அமையுமாயின் நம் கோரிக்கை யாது? வர்த்தமானி வந்தபின் அறிக்கை விடுவது நம் தலைவர்களின் நெடுநாள் வழக்கம். அது இம்முறை உதவாது. செறிந்து வாழுமிடத்தில் தனித் தொகுதி, கலந்து வாழுமிடத்தில் பல அங்கத்தவர் தொகுதி என்ற இரண்டையும் படத்தோடும் தொகையோடும் முன்வைத்தல் வேண்டும். கட்சிகள் தனித்தனி மனுக் கொடுத்து ஒன்றையொன்று மறுத்தல் ஆகாது.

அதற்கு வேண்டிய ஆள் நம்மிடையே உண்டு. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் இருக்கின்றனர். எல்லை வகுப்போர் கையில் எடுக்கும் அலகு கிராம அலுவலர் பிரிவு. எந்தத் தோட்டத்தின் எந்த டிவிசன் எந்தப் பிரிவில் நிற்கிறது, அங்கே எத்தனை குடும்பம், எத்தனை பெயர் இடாப்பில் இல்லை என்பதை அவர்கள் இப்போதே எழுதிவைத்தல் கூடும். காய்கறி பயிரிடும் அன்பர்களும், கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகளின் பெயர் ஊரிலே பதிவாகியுள்ளதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு வருவார்களாக.