பெர்ஹெந்தியான் போறீங்களா? ரூமைக் கேட்பதற்கு முன் படகைப் பற்றிக் கேளுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் நீலக் கடல் படத்தைப் போட்டுவிடுவார். "பெர்ஹெந்தியான், 3 நாள் 2 இரவு, யார் யார் வர்றீங்க?" அதற்குப் பிறகு பேச்சு முழுக்க ரூம் பற்றித்தான். ஏர்கோன் இருக்கா? கடல் தெரியுமா? காலைச் சாப்பாடு சேர்த்தா?

படகு? பேக்கேஜ் தாளில் "ரிட்டர்ன் போட்" என்று ஒரே வரி. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் உங்கள் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் அந்த ஒரு வரிதான்.

2025 ஜூன் 28. பெர்ஹெந்தியான் கடலில் இரவு நேரத்தில் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்தது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். அதில் இருவர் குழந்தைகள். விடுமுறைக்கு வந்திருந்த நம் மலேசியக் குடும்பம். அந்தச் செய்தி வந்த வாரம் நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. பிறகு, வழக்கம்போல, அடுத்த விடுமுறைக்கு புக்கிங் தொடங்கியது. அதில் தப்பில்லை. போகத்தான் வேண்டும். அவ்வளவு அழகான இடம். ஆனால் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

அங்கே படகுதான் டாக்சி

தியோமான், ரெடாங், காப்பாஸ், பெர்ஹெந்தியான். கிழக்குக் கரைத் தீவுகளில் எதற்குப் போனாலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். இங்கே பெர்ஹெந்தியானையே எடுத்துக்கொள்வோம்.

திரங்கானுவில் கோல பெசுட் ஜெட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஸ்பீட்போட்டில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். பெசார், கெச்சில் என்று இரண்டு தீவுகள். நடுவில் ஒரு குறுகிய நீரிணை. கடற்கரைக்குக் கடற்கரை போக கார் சாலை கிடையாது. காட்டுப் பாதை சில இடங்களில் உண்டு. மற்றபடி எங்கே போவதென்றாலும் வாட்டர் டாக்சி, அதாவது வெளியே ஒற்றை இன்ஜின் மாட்டிய சின்ன ஃபைபர் படகு.

அதனால் உங்கள் பயணத்தில் மூன்று விதமான படகுச் சவாரி இருக்கும். ஒன்று, ஜெட்டியிலிருந்து தீவுக்கு. இரண்டு, ஸ்நோர்க்கலிங் ட்ரிப். மூன்று, ராத்திரி சாப்பிடப் போய் திரும்பும் வாட்டர் டாக்சி. நாம் பயப்படுவது முதலாவதுக்கு, ஏனென்றால் தூரம் அதிகம், அலை தெரிகிறது. மூன்றாவதை யாரும் பயணமாகவே நினைப்பதில்லை. "எதிர்க்கத்தானே, அஞ்சு நிமிஷம்" என்று ஏறிவிடுகிறோம்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் என்னவெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். ஜெட்டியில் பெயர், ஐசி எண் எழுதிக் கொடுத்துத்தான் ஏறுவீர்கள். பெரும்பாலும் பகல் நேரம். சுற்றி ஆட்கள், மற்ற படகுகள். மணலிலிருந்து நேரே ஏறும் வாட்டர் டாக்சிக்குப் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல் கிடையாது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ண ஆள் இல்லை. இருட்டில் வரும் அலையைப் படகோட்டி கண்ணால் பார்த்துத் தவிர்க்க முடியாது. கவிழ்ந்தால் தண்ணீரில் யார் எங்கே என்று தேடுவதும் இருட்டில்தான். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பதால் மட்டும் அது பாதுகாப்பான சவாரி ஆகிவிடாது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் ராத்திரி வாட்டர் டாக்சியே வேண்டாம். ரூம் புக் செய்யும்போதே, நடந்து போகிற தூரத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கிற கடற்கரையாகப் பார்த்து எடுங்கள். 30 ரிங்கிட் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

யார் பார்த்துக்கொள்ள வேண்டும்?

நியாயமான கேள்வி. டிக்கெட் வாங்குகிறவர்கள்தான் படகைச் சோதிக்க வேண்டுமா என்ன?

படகின் உரிமம், எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் மலேசியக் கடல் துறையின் வேலை. கடல் பூங்கா, பவளப்பாறை விவகாரம் மீன்வளத் துறையிடம். சுற்றுலா நிறுவனங்களுக்கு உரிமம் தருவது சுற்றுலா அமைச்சு. கடலில் ரோந்து, மீட்பு என்றால் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம், அதோடு கடல் போலீஸ். இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கடற்கரையிலும், ஒவ்வொரு ராத்திரியும் ஓர் அதிகாரி நிற்க முடியாது. விபத்து நடந்தால் சோதனை கடுமையாகும், அமைச்சர்கள் அறிக்கை விடுவார்கள், சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். டோகோங் சாங்கோல் பகுதியில் முக்குளிக்கப் போன நான்கு வெளிநாட்டவர் மேலே வந்தபோது படகைக் காணோம். மூன்று பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 14 வயதுப் பையன் இறந்துவிட்டான். படகோட்டி போதைப்பொருள் சோதனையில் சிக்கினார் என்று போலீஸ் அப்போது சொன்னது. மெர்சிங் வட்டாரத்தில் முக்குளிப்பு நடவடிக்கைகள் உடனே நிறுத்தி வைக்கப்பட்டன. மூன்று வருடம் கழித்து பெர்ஹெந்தியான்.

இரண்டு விபத்துக்கும் காரணம் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டிலும் பயணிகள் படகோட்டியை நம்பி ஏறினார்கள். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இருக்கவில்லை. அதிகாரிகளின் பொறுப்பு அப்படியே இருக்கட்டும். அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதே நேரத்தில் ஏறுவதற்கு முன் நமக்கு ஒரு நிமிஷம் இருக்கிறது.

அந்த ஒரு நிமிஷத்தில் என்ன பார்ப்பது?

படகின் பக்கவாட்டில் பதிவு எண் இருக்கிறதா. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா. எழுதியிருந்தால் தலையை எண்ணுங்கள், குழந்தைகளையும் சேர்த்து. "சின்னப் பிள்ளைதானே, மடியில் வச்சுக்குங்க" என்றால் அந்தப் படகு வேண்டாம். படகோட்டி கண் சிவந்து, பேச்சு குழறி இருந்தாலோ, வயதே 15, 16தான் இருக்கும் போலத் தெரிந்தாலோ, காசைத் திருப்பிக் கேட்கக்கூட வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஜாக்கெட் இருக்கு" என்பதும் "ஜாக்கெட் வேலை செய்யும்" என்பதும் வேறு வேறு.

படகின் முன்பக்கம் ஈரமாகக் குவிந்து கிடக்கும் ஜாக்கெட் கவிழும்போது உதவாது. தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டுவது நீச்சல் தெரிந்தவர்களுக்கே கஷ்டம். ஏறும்போதே மாட்டி, பக்கிள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். பக்கிள் உடைந்து கயிற்றால் கட்டியதைக் கொடுத்தால் வேறு கேளுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை மாட்டி, "லூசா இருந்தாலும் பரவாயில்லை" என்று விடுவது நாம் அடிக்கடி பார்ப்பது. பரவாயில்லை இல்லை. தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். சோதிப்பது சுலபம்: மாட்டிப் பூட்டிய பிறகு இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறி வந்தால் அளவு பெரியது. நல்ல ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளில் எத்தனை கிலோ எடைக்கு என்று போட்டிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டை இருப்பது நல்லது. படகில் அந்த அளவு கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம்தான். அதனால் 5, 6 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொண்டு போங்கள். பிள்ளைக்கு நீச்சல் குளத்தில் கையில் மாட்டும் காற்றுப் பை இதற்குப் பதில் ஆகாது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? "அபாங், ஜாக்கெட் புடாக் அடா?" அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே கேளுங்கள். நல்ல படகோட்டி கோபப்பட மாட்டார். குடும்பத்தில் யாராவது "ஏன் இப்படி மானத்தை வாங்குற" என்று முணுமுணுப்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கூரை போட்ட படகென்றால் இன்னொன்று. கவிழ்ந்தால் கூரைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓரமாக உட்காருங்கள், பையின் பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டாதீர்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்துவிட்டால் படகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்காதீர்கள். தேடி வருகிறவர்கள் கண்ணில் படகு படும், ஒற்றைத் தலை படாது.

வானிலையும் திங்கட்கிழமை வேலையும்

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் சுமார் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். பெரும்பாலான ரிசார்ட்கள் மூடியிருக்கும். அந்த மாதங்களில் யாராவது மலிவு விலை சொன்னால் ஏன் என்று யோசியுங்கள். மற்ற மாதங்களிலும் மாலையில் திடீரென்று இடியும் காற்றும் வரலாம். அதனால் கடல் பயணத்தைக் காலையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

மெட்மலேசியா வெளியிடும் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கையை கிளம்புவதற்கு முன் பாருங்கள். 'மைசுவாச்சா' செயலியிலும் வரும். முதல் நிலை என்றால் "லேசான எச்சரிக்கை" என்று நினைத்துவிடக் கூடாது. மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. அதாவது ஒரு மாடி வீட்டுக் கூரை உயரம். சின்னப் படகுகளுக்கு ஆபத்து என்று அந்த எச்சரிக்கையிலேயே சொல்லப்பட்டிருக்கும்.

இது தெரிந்தும் ஏன் ஏறுகிறோம்? திங்கட்கிழமை வேலை. ஞாயிறு மதியம் கடைசிப் படகைப் பிடித்து, ராத்திரி முழுக்க கார் ஓட்டி, காலையில் கோலாலம்பூரில் ஆபீஸ். திட்டம் இப்படி இருந்தால், கடல் எப்படி இருந்தாலும் ஏறத்தான் தோன்றும். எல்லோரும் சேர்ந்து படகோட்டியை "போயிடலாம் பாங்" என்று வற்புறுத்துவதும் அப்போதுதான். முடிந்தால் திரும்பும் நாளுக்கு அடுத்த நாளையும் லீவாக வையுங்கள். முடியாவிட்டால், படகு ரத்தானால் பணமோ இன்னொரு நாளோ கிடைக்குமா என்று புக்கிங்கின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி சேர்த்தது என்றால் எதற்கு, எவ்வளவு என்றும்.

ஸ்நோர்க்கலிங்

டர்டல் பாயிண்ட், ஷார்க் பாயிண்ட், பவளப்பாறை என்று மூன்று நான்கு இடம் சுற்றிக் காட்டுவார்கள். சுறா கடிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அங்கே வரும் கருமுனைச் சுறா உங்களைப் பார்த்தால் விலகிப் போகும். கவனிக்க வேண்டியது மற்ற படகுகளின் ப்ரொப்பெல்லரை. மிதவைக் கயிற்றுக்கு உள்ளேயே இருங்கள். ஆமை போகும் பக்கமெல்லாம் தலையைத் தூக்காமல் பின்தொடராதீர்கள்.

மூழ்குவது சினிமாவில் காட்டுவதுபோல் சத்தமாக இருக்காது. கையை ஆட்டவோ கத்தவோ மூச்சு இருக்காது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, அசையாமல் நிற்பதுபோல் தெரியும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட கால்வாசி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதனால் "எல்லோரும் பார்த்துக்கிறோம்" என்பது போதாது. இந்த 20 நிமிஷம் யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அந்த நேரம் அவர் கையில் போன் வேண்டாம். ராத்திரி முழுக்க கார் ஓட்டி வந்த மாமா, நெஞ்சு வலிக்கு மருந்து எடுக்கும் அப்பா, இவர்கள் முதல் நாளே தண்ணீரில் இறங்காமல் ஓய்வெடுப்பது நல்லது.

மற்றவை, சுருக்கமாக

தீவில் ஏடிஎம் இல்லை, ரொக்கம் கொண்டு போங்கள். ஜெட்டியில் கடல் பூங்காக் கட்டணம் தனியாகக் கேட்பார்கள். சைவம் என்றால் "சாயோர்" என்று மட்டும் சொன்னால் போதாது, பெலாச்சானும் காய்ந்த இறாலும் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கெச்சில் தீவுக் கிராமத்தில் ஒரு கிளினிக் உண்டு. மருத்துவமனை என்றால் மறுகரையில் ஜெர்த்தேயில் இருக்கும் பெசுட் மருத்துவமனைதான், அதற்கும் படகு ஏற வேண்டும். அன்றாட மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாம் நனையாத பையில் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள்: எத்தனை பேர் போகிறோம், எந்த ரிசார்ட், அதன் போன் எண், திரும்பும் படகு எந்த நாள், எத்தனை மணிக்கு. சில கடற்கரைகளில் லைன் சரியாக இருக்காது. அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் உங்களிடமிருந்து தகவல் இல்லையென்றால், முதலில் ரிசார்ட்டுக்கும், அங்கேயும் தெரியவில்லை என்றால் 999-க்கும் அழைக்கச் சொல்லி வையுங்கள்.