முருங்கையின் ஜீனைத் தேட சூப்பர் கம்ப்யூட்டர் மட்டும் போதுமா?

குஜிலியம்பாறை பக்கம் போனால் முருங்கைத் தோட்டம் கண்ணில் படாமல் இருக்காது. அந்த முருங்கையின் மரபணுத்தொகுதி முதன்முதலில் 2015-ல் வெளியானது. செய்தது சீன ஆய்வாளர்கள். கிட்டத்தட்ட 28.9 கோடி எழுத்துகளைக் கோத்து, அதில் 19,465 மரபணுக்கள் இருப்பதாகக் கணித்தார்கள்.

'கணித்தார்கள்' என்பதைக் கவனியுங்க. ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்து, இடைவெளியே இல்லாமல் ஓடும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படிக்கிற மாதிரி. மரபணு எங்கே தொடங்குது, எங்கே முடியுது, நடுவில் எதைத் தள்ளிவிடணும் என்று நிகழ்தகவை வைத்து ஊகிப்பதுதான் ஜீன் ப்ரெடிக்‌ஷன் மென்பொருளின் வேலை. அகஸ்டஸ், ஜீன்மார்க், இரண்டையும் சேர்த்து ஓட்டும் பிரேக்கர்... எல்லாமே கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். ஆனால், சாதாரண லேப்டாப்பில் போட்டால் நாள்கணக்கில் இழுக்கும். பாதியில் மெமரி தீர்ந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

இந்த மாதிரி வேலைக்குத்தான் 2015-ல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல்காரர்களுக்குப் பக்கத்திலேயே, திருச்சி என்ஐடியில், 2022 மே மாதம் 'பரம் பொருள்' வந்தது. திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். (பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்!)

மெஷின் இருக்கு. சிக்கல் அதற்குப் பிறகுதான். இது பொதுமக்கள் லாகின் பண்ணும் தளம் இல்லை. கல்வி நிறுவனம், வழிகாட்டிப் பேராசிரியர், விண்ணப்பம், அனுமதி எல்லாம் வேணும். பொதுப்பணத்தில் ஓடும் மெஷினுக்கு அது நியாயமும்கூட. உள்ளே போன பிறகு நடப்பதுதான் கடுப்பு. ஜீன்மார்க்கின் பழைய பதிப்புகளுக்கு ஒவ்வொருவரும் தன் பெயரில் உரிமச் சாவிக் கோப்பு வாங்கி, தன் கணக்கில் வைக்கணும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, தாண்டினால் ஓடாது. அகஸ்டஸுக்குப் புதுச் செடியைப் 'பழக்க' வேண்டுமென்றால் அதன் அமைப்புக் கோப்புறையில் எழுத அனுமதி வேணும். பொது மெஷினில் அது பூட்டியிருக்கும். சொந்தக் கணக்கில் நகல் எடுத்துக்கணும். தெரிந்தவருக்குப் பத்து நிமிஷம். முதல் தலைமுறை எம்எஸ்சி மாணவிக்கு ஒரு வாரம் போயிடும்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்கிலிருந்து நடத்தப்படும் கேலக்ஸி தளத்தில் இதே வேலைக்கு இமெயில் பதிவும் பிரௌசரும் போதும். ஃபின்லாந்தின் தேசியக் கணினி மையமான சிஎஸ்சி, உயிரியல் மென்பொருட்களை நிறுவி, ஒவ்வொன்றுக்கும் பயன்பாட்டுக் குறிப்பும் எழுதி வைக்கிறது. அங்கே மாணவர் தன் ஆய்விலிருந்து தொடங்கலாம். இங்கே இன்ஸ்டலேஷனிலிருந்து தொடங்கணும்.

ஃபரீதாபாதில் 2022 நவம்பரில் இந்திய உயிரியல் தரவு மையமும் வந்தாச்சு. தரவை வைக்க இடம் இருக்கு, ஓட்ட மெஷின் இருக்கு. நடுவில் ஆள்தான் வேணும். ஒவ்வொரு பரம் மையத்திலும் உயிரியல் மென்பொருளைப் பராமரிக்கும், மாணவர் மெயிலுக்குப் பதில் போடும் முழுநேரப் பணியிடம் ஒன்றாவது இருக்கணும். மெஷினுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சம்பளம் கொசுறு. மாவட்டக் கல்லூரிகளுக்கு என்று தனியாகக் கொஞ்சம் கணினி நேரமும் ஒதுக்கணும்.

அதுவரை விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: எத்தனை கோர் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், பிரேக்கர் எந்தப் பதிப்பு நிறுவியிருக்கு, சாவி யார் வாங்கணும் என்று மெயிலில் கேட்டுவிடுங்க.